ஒரு சொட்டு இரத்தமும் ஒரு துண்டு வடிதாளும்: வாசலில் எடுத்த கணக்கின் கதை

இது கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள். வீட்டில் சாதாரண தரம், உயர்தரம் படிக்கும் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் வாசிக்கக் கொடுங்கள்.

கொரோனாக் காலம் முடிந்து ஆண்டுகள் போய்விட்டன. ஆனாலும் வகுப்பில் அந்தக் காலத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் பிள்ளைகள் ஒரு கேள்வியைத் தவறாமல் கேட்பார்கள். “சேர், எங்கட தீவுப்பகுதியில எத்தனை பேருக்கு வந்தது?” வேலணை, புங்குடுதீவு, ஊர்காவற்றுறை, நயினாதீவு, அனலைதீவு, நெடுந்தீவு எல்லாவற்றையும் சேர்த்துத்தான் கேட்கிறார்கள். பரிசோதனை செய்து உறுதிப்படுத்தியவர்களின் எண்ணிக்கையைத்தான் பதிலாகச் சொல்ல முடியும். இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்து, கொத்தமல்லி அவித்துக் குடித்து, ஒருவருக்கும் சொல்லாமல் எழும்பி நடந்தவர்கள் அந்த எண்ணிக்கையில் இல்லை. காய்ச்சலே இல்லாமல் தொற்றிப் போனவர்களும் இல்லை.

அப்படியானவர்களையும் எண்ணுவதற்கு ஒரு வழி உண்டு. விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம், அதை உறிஞ்ச ஒரு துண்டு வடிதாள், காய வைக்கக் கொஞ்சம் நேரம், தபாலில் போட ஓர் உறை. 2020 இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆயிரக்கணக்கான மக்கள் தங்கள் வீட்டு மேசையில் இருந்தபடி தாங்களே விரலில் குத்தி அனுப்பிய இரத்தத்தில் இருந்துதான் அந்த நாடுகள் மறைந்திருந்த தொற்றின் அளவை அறிந்தன. இந்த வழிமுறைக்கு நூறு ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. அதில் அறிவியலுக்கு எவ்வளவு பங்கு உண்டோ, நம்பிக்கைக்கும் அவ்வளவு பங்கு உண்டு. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

விரலில் குத்துவது நமக்குப் புதிதல்ல

வயதானவர்களுக்கு நினைவிருக்கும். காய்ச்சல் என்று போனால் விரலில் ஊசியால் குத்தி, கண்ணாடித் தகட்டில் இரத்தத்தைப் பூசி, மலேரியாவா என்று பார்ப்பார்கள். 1934-35 இல் இலங்கையில் பரவிய மலேரியா ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுபோனது. அதன் பின் டி.டி.ரி. மருந்தும், வீடு வீடாகப் போய் இரத்தம் பார்க்கும் முறையும் சேர்ந்து, 1963 இல் முழு நாட்டிலும் 17 நோயாளிகள் மட்டும் என்ற நிலைக்கு நாட்டைக் கொண்டுவந்தன. நோய் ஒழிந்துவிட்டது என்ற எண்ணத்தில் தேடுவது தளர்ந்தது. 1960களின் கடைசியில் மலேரியா திரும்பி வந்து இலட்சக்கணக்கானோரைப் படுக்கையில் போட்டது.

திரும்பவும் பல பத்தாண்டுகள் பாடுபட வேண்டியிருந்தது. போர்க்காலத்தில் வடக்கிலும் அந்த வேலை முற்றாக நின்றுபோகவில்லை. உள்நாட்டில் தொற்றிய கடைசி மலேரியா நோயாளி 2012 ஒக்டோபரில் பதிவானார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று சான்றளித்தது. இன்றும் வெளிநாட்டில் இருந்து காய்ச்சலோடு வருபவர்களிடம் இரத்தம் பார்க்கிறார்கள். தேடுவதை நிறுத்தினால் என்ன நடக்கும் என்பதை 1960களில் பட்டு அறிந்த நாடு இது.

ஆனால் கண்ணாடித் தகட்டு முறையில் கண்ணுக்குத் தெரிவது இரத்தத்தில் இப்போது இருக்கும் கிருமி மட்டுமே. வந்து போன நோயை அது காட்டாது. வந்து போனதைக் கண்டுபிடிக்க வேறு ஒன்றைத் தேட வேண்டும்.

ஒடியல் காய்வது போல

பத்தாம், பதினோராம் வகுப்பு விஞ்ஞானத்தில் ‘பிறபொருளெதிரி’ என்று படிக்கிறோம். உடலுக்குள் ஒரு கிருமி நுழைந்தால் அதை எதிர்க்க உடல் தயாரிக்கும் புரதம் அது. ஒவ்வொரு கிருமிக்கும் வெவ்வேறான பிறபொருளெதிரி உருவாகும். கிருமி போன பின்னும் பல மாதங்கள், சில நோய்களில் பல ஆண்டுகள், அது இரத்தத்தில் இருக்கும். அதனால் ஒருவருடைய இரத்தத்தில் எந்தப் பிறபொருளெதிரி இருக்கிறது என்று பார்த்தால், அவருக்கே தெரியாமல் வந்து போன நோயையும் அறியலாம்.

இரத்தத்தை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோவதுதான் சிக்கல். நாளத்தில் ஊசி ஏற்றிக் குழாயில் எடுக்கும் இரத்தத்துக்குப் பயிற்சி பெற்ற ஆள் வேண்டும், குளிர்ப்பெட்டி வேண்டும், நேரத்துக்கு வாகனம் வேண்டும். நெடுந்தீவில் எடுத்த குழாய் படகில் குறிகட்டுவானுக்கு வந்து, பிறகு தரை வழியாக யாழ்ப்பாணம் போக வேண்டும். கடல் கொந்தளித்தால் எல்லாம் நின்றுவிடும்.

காய்ந்த இரத்தத்துக்கு இந்தத் தொல்லை குறைவு. நம் வீடுகளில் பனங்கிழங்கைக் கிழித்துக் காய வைத்து ஒடியல் ஆக்குகிறோம், மீனைக் கருவாடு ஆக்குகிறோம். ஈரம் போனால் பழுதாக்கும் நுண்ணுயிர்களுக்கு வேலை இல்லை. இரத்தத்திலும் அதே கதைதான். வடிதாளில் உறிஞ்சிக் காய்ந்த இரத்தத்தில் பிறபொருளெதிரி போன்ற புரதங்கள் சாதாரண வெப்பநிலையிலும் பல நாட்கள் தாங்கும். சாதாரணத் தபாலே போதும்.

1913 இல் ஐவர் பாங் என்ற அறிஞர் வடிதாளில் உறிஞ்சிய சில சொட்டு இரத்தத்தில் இருந்து சர்க்கரையின் அளவைக் கணக்கிட்டார். அதை உலகம் முழுக்கப் பரவச் செய்தவர் அமெரிக்காவின் பஃபலோ நகரைச் சேர்ந்த றொபேட் கத்ரி. பிறந்த சில நாட்களில் கண்டுபிடித்தால் உணவுக் கட்டுப்பாட்டால் காப்பாற்றிவிடலாம், கண்டுபிடிக்காவிட்டால் மூளை வளர்ச்சி கெட்டுவிடும் என்ற பரம்பரை நோய் ஒன்று உண்டு. குழந்தையின் குதிக்காலில் குத்தி எடுத்த ஒரு சொட்டை வடிதாளில் காய வைத்து அந்த நோயைக் கண்டறியும் முறையைக் கத்ரி 1963 இல் வெளியிட்டார். அதே ஆண்டு மசாசூசெற்ஸ் மாநிலம் எல்லாக் குழந்தைகளுக்கும் அதைக் கட்டாயமாக்கியது.

இலங்கையிலும் பிறந்த குழந்தையின் குதிக்காலில் குத்தி, தாளில் இரத்தம் எடுத்து, தைரொயிட் சுரப்பிக் குறைபாடு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். தென் மாகாணத்தில் தொடங்கிப் பின்னர் நாடு முழுவதற்கும் விரிந்த திட்டம் அது. அண்மையில் பிள்ளை பெற்ற தாய்மாருக்கு அந்த வட்டம் போட்ட தாள் தெரிந்திருக்கும். இந்தப் பதிவின் கதாநாயகன் அந்தத் தாள்தான்.

பெயர் இல்லாமல் எண்ணிய காலம்

1980களில் எயிட்ஸ் நோய் வந்தது. எத்தனை பேருக்கு எச்.ஐ.வி. தொற்று இருக்கிறது என்று அரசுகளுக்குத் தெரியவில்லை. பரிசோதனைக்கு வருபவர்களை மட்டும் எண்ணினால் சரிவராது, வர அஞ்சியவர்களே அதிகம்.

அப்போது அமெரிக்க ஆய்வாளர்களின் கண் குழந்தைகளின் குதிக்கால் தாள்களில் பட்டது. பிறந்த குழந்தையின் இரத்தத்தில் தாயின் பிறபொருளெதிரிகள் இருக்கும். ஆகவே மீதமிருந்த தாளில், பெயரை நீக்கிவிட்டு, எச்.ஐ.வி.க்கான பிறபொருளெதிரியைத் தேடினால் அந்த மாநிலத்தில் பிள்ளை பெற்ற பெண்களில் எத்தனை பேருக்குத் தொற்று என்று தெரிந்துவிடும். மசாசூசெற்ஸில் தொடங்கியது, 1988 முதல் நாடு தழுவிய கணக்காயிற்று.

எண்ணிக்கை திருத்தமாகக் கிடைத்தது. ஆனால் பெயரை நீக்கியதால் எந்தத் தாய்க்கு, எந்தக் குழந்தைக்கு என்று எவராலும் சொல்ல முடியவில்லை. மருந்து இல்லாத காலத்தில் அதைப் பொறுத்துக்கொண்டார்கள். கர்ப்பகாலத்தில் மருந்து கொடுத்தால் குழந்தைக்குத் தொற்றுவதைப் பெருமளவு தடுக்கலாம் என்று 1994 இல் தெரிந்த பின், தாய்மாருக்குச் சொல்லாமல் எண்ணிக்கொண்டிருப்பது சரியா என்ற கேள்வி பெரிதாக எழுந்தது. 1995 இல் அந்தக் கணக்கெடுப்பை நிறுத்தினார்கள்.

இந்தச் சம்பவத்தை நான் முக்கியமாகக் கருதுகிறேன். ஒருவருடைய இரத்தத்தில் இருந்து நாடு ஒன்றை அறிந்துகொள்கிறது, இரத்தத்தின் சொந்தக்காரருக்கு அது தெரியாது. இரத்தக் கணக்கெடுப்பு எங்கே நடந்தாலும் இந்தக் கேள்வி கூடவே வரும்.

இந்தியாவின் கணக்கு பாதியான கதை

அடுத்த பாடம் நமக்கு அருகில் இருந்தே வருகிறது. 2006 வரை இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்றோடு வாழ்பவர்கள் 50 இலட்சத்துக்கும் மேல் என்றே உலகம் நம்பியது. அந்தக் கணக்கு பெரும்பாலும் அரச வைத்தியசாலைகளின் கர்ப்பிணித் தாய்மார் கிளினிக்குகளிலும், பாலியல் நோய்க் கிளினிக்குகளிலும் எடுத்த இரத்தத்தில் இருந்து வந்தது.

2005-06 இல் நடந்த மூன்றாவது தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் முதன்முறையாக வீடுகளுக்கே போய் இரத்தம் எடுத்தார்கள். சம்மதம் கேட்டு, விரலில் குத்தி, வடிதாளில் சொட்டு விட்டு, காய வைத்து, பெயர் இல்லாமல் இலக்கம் மட்டும் ஒட்டி அனுப்பினார்கள். ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் விரல் நீட்டினார்கள். தமிழ்நாட்டில் தனியாக மதிப்பிடும் அளவுக்குக் கூடுதலான மாதிரிகள் எடுக்கப்பட்டன.

வந்த பெறுபேறு எல்லோரையும் திகைக்க வைத்தது. 15 முதல் 49 வயது வரையானவர்களில் தொற்று 0.28 சதவீதம் மட்டுமே. இதையும், கிளினிக்குகளின் விரிவாக்கிய கணக்கையும், வீட்டுக் கணக்கில் அகப்படாத குழுக்களின் தரவையும் சேர்த்துப் பார்த்து, 2007 இல் இந்தியாவின் மதிப்பீட்டை ஏறத்தாழ 25 இலட்சமாகத் திருத்தினார்கள். பழைய எண்ணில் பாதிகூட இல்லை.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? வைத்தியசாலை வாசலில் நின்று எண்ணினால் அங்கே வருபவர்களைத்தான் எண்ணலாம். நோய் சந்தேகத்தில் அனுப்பப்பட்டவர்களும், தனியாரிடம் போக வசதியில்லாதவர்களும் அங்கே அதிகம். ஊர் முழுவதும் அப்படித்தான் என்று கணக்குப் போட்டால் எண் ஊதிப்பெருக்கும். வீட்டு வாசலில் எடுத்த சொட்டு அதைத் திருத்தியது.

நாகாலாந்து மாநிலத்தில் மட்டும் இந்த இரத்தப் பரிசோதனை நடக்கவில்லை. உள்ளூர் மக்கள் எதிர்த்தார்கள், கைவிட வேண்டியதாயிற்று. எவ்வளவு நல்ல முறையாக இருந்தாலும், மக்கள் கையை மடக்கிக்கொண்டால் அங்கே முடிந்தது.

ஊசி மக்கள் கைக்கு வந்தது

இதுவரை சொன்னதில் எல்லாம் குத்தியவர் வேறு, குத்துப்பட்டவர் வேறு. தானே குத்தி அனுப்பும் முறையும் பழையதுதான். 1996 இல் அமெரிக்காவில் எச்.ஐ.வி.க்கான இரண்டு வீட்டுப் பெட்டிகள் அனுமதி பெற்றன. வாங்கியவர் வீட்டில் இருந்து விரலில் குத்தி, தாளில் சொட்டு விட்டு, தபாலில் அனுப்பி, தன் இரகசிய இலக்கத்தைத் தொலைபேசியில் சொல்லி முடிவு கேட்கலாம். ஆனால் அது தனி ஆளுக்கான வசதி. ஒரு நாட்டையே எண்ணுவதற்கு அதே வழியைக் கொண்டுவந்தது கொரோனா.

2020 ஏப்ரலில் எல்லோரும் வீட்டுக்குள் இருந்தோம். கணக்கெடுக்கப் போகிறவரே நோயைக் காவிக்கொண்டு போய்விடலாம். அந்த மாதம் 10 ஆம் திகதி அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் ஒரு ஆய்வை அறிவித்தது. நோய் கண்டறியப்படாத 10,000 பேர் தேவை, வீட்டில் இருந்தே இரத்தம் அனுப்பலாம் என்றார்கள். நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் முன்வந்தார்கள்! விரும்பி வருபவர்கள் நாட்டின் சரியான பிரதிபலிப்பு ஆகமாட்டார்கள் என்பதால் வயது, பால், இனம், வசிக்கும் பகுதி என்பவற்றைப் பார்த்து அவர்களுக்குள் தெரிந்தெடுத்தார்கள்.

தபாலில் போன பெட்டியில் விரல் குத்தும் சிறு ஊசியும், ‘மித்ரா’ என்ற பெயருடைய ஒரு கருவியும் இருந்தன. தாளுக்குப் பதிலாக, இரத்தத்தை உறிஞ்சும் நான்கு சிறு முனைகள் அதில் உண்டு. ஒவ்வொரு முனையும் 20 மைக்ரோலீற்றர் மட்டும் உறிஞ்சும், கூடவும் இல்லை குறையவும் இல்லை. ஒரு மில்லிலீற்றரின் ஐம்பதில் ஒரு பங்கு அது. காய வைத்து, உறையில் போட்டு, குளிர்ப்பெட்டி இல்லாமலே திருப்பி அனுப்பினார்கள்.

2021 இல் பெறுபேறு வெளியானது. எண்ணாயிரத்துக்கும் மேற்பட்டோரின் இரத்தத்தில் 4.6 சதவீதத்தில் கொரோனாவுக்கான பிறபொருளெதிரி இருந்தது. அவர்கள் எவருக்கும் முன்பு நோய் கண்டறியப்பட்டிருக்கவில்லை. 2020 ஜூலை நடுப்பகுதி வரை அமெரிக்காவில் கண்டறியப்பட்ட ஒவ்வொரு தொற்றுக்கும் கண்டறியப்படாதவை ஏறத்தாழ ஐந்து, மொத்தம் 168 இலட்சம் அளவில் என்று கணக்கிட்டார்கள். கறுப்பின மக்களிடையே அந்த மறைந்த தொற்று மிக அதிகமாக இருந்தது.

எயிட்ஸ் கணக்கில் வைத்தியசாலை வாசல் எண்ணைப் பெருக்கியது. கொரோனாக் கணக்கில் அதே வாசல் எண்ணைச் சுருக்கியது. இரண்டையும் வீட்டில் எடுத்த சொட்டுத்தான் சரிப்படுத்தியது.

கனடாவின் கதை நம் மக்களுக்கு இன்னும் நெருக்கமானது. தீவகத்தில் இருந்து போனவர்கள் எத்தனை ஆயிரம் பேர் ரொறன்ரோவிலும் ஸ்காபரோவிலும் இருக்கிறார்கள்! அந்த நகரில் இருந்து பேராசிரியர் பிரபாத் ஜா தலைமையிலான குழு நாடு முழுவதும் வீடுகளுக்குப் பெட்டி அனுப்பியது. மக்கள் தாங்களே விரலில் குத்தி, வடிதாளில் சொட்டு விட்டு, தபாலில் திருப்பினார்கள். முதல் அலைக்குப் பின் வயது வந்தோரில் 100க்கு 2 பேர் அளவில்தான் தொற்றின் அடையாளம் இருந்தது. 2022 தொடக்கத்தில் ஒமிக்ரோன் அலை போன பின் பார்த்தால் பத்தில் மூன்று பேர் அளவில் அந்த அலையிலேயே தொற்றியிருந்தார்கள். அப்போது வழமையான பரிசோதனை நிலையங்கள் தாக்குப்பிடிக்க முடியாமல் கட்டுப்பாடு விதித்திருந்ததால், உண்மை நிலை தெரிந்தது இப்படியான தாளில்தான்.

இங்கிலாந்தில் இன்னொரு வழி. 2020 ஜூன், ஜூலையில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வீட்டில் தாங்களே விரலில் குத்தி, உடனே முடிவு காட்டும் பட்டியில் பார்த்துப் பதிவு செய்தார்கள். 6 சதவீதம், அதாவது ஏறத்தாழ 34 இலட்சம் பேருக்குத் தொற்று வந்து போயிருந்தது.

இந்தியாவில் சென்னையில் உள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் முன்னின்று நடத்திய ஆய்வில், குழுக்கள் ஊர் ஊராகப் போய் நாளத்தில் இருந்து இரத்தம் எடுத்தன. 2020 மே-ஜூனில் 0.73 சதவீதம். 2021 ஜூன்-ஜூலையில் 67.6 சதவீதம். ஒரு வருடத்தில் நடந்ததை அந்த இரண்டு எண்களும் சொல்கின்றன.

மக்கள் ஏன் கையை மடக்குகிறார்கள்

அந்த நேரம் நம் நாட்டில் என்ன நடந்தது என்பதையும் மறக்கக் கூடாது. 2020 ஏப்ரலில் கொரோனாவால் இறந்த எல்லோரையும் எரிக்க வேண்டும் என்று வர்த்தமானி வந்தது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டலே சொல்லியிருந்தது. நிலத்தடி நீரில் கிருமி பரவும் என்ற பேச்சுக்கு ஆதாரம் காட்டப்படவில்லை. பிறந்து 20 நாளான பச்சைக் குழந்தையின் ஜனாஸாவும் எரிக்கப்பட்டது.

அதன் விளைவைச் சுகாதாரக் கண்ணோடும் பார்க்க வேண்டும். பரிசோதனையில் ‘பொசிட்டிவ்’ என்று வந்து, உயிரும் போனால், உம்மாவை எரித்துவிடுவார்களே என்று அஞ்சிய குடும்பம் பரிசோதனைக்கு முன்வருமா? வைத்தியசாலைக்குப் போகவே தயங்கினார்கள். நோயைத் தேட வேண்டிய காலத்தில் மக்களை ஒளிய வைத்த முடிவு அது. 2021 பெப்ரவரி இறுதியில் அடக்கத்துக்கு அனுமதி வந்தது. முதலில் இரணைதீவைத் தெரிவு செய்தார்கள். அங்கே வாழும் கத்தோலிக்க மீனவக் குடும்பங்களைக் கேட்காமல் எடுத்த முடிவு என்பதால் அவர்கள் எதிர்த்தார்கள். மார்ச் 5 முதல் ஓட்டமாவடியில் அடக்கம் நடந்தது. 2024 ஜூலையில் எரித்ததற்காக மன்னிப்புக் கேட்க அமைச்சரவை முடிவெடுத்தது.

முஸ்லிம்களின் மனத்தையும் கேட்கவில்லை, இரணைதீவு மக்களின் மனத்தையும் கேட்கவில்லை. நாகாலாந்தில் கையை மடக்கியவர்களையும் இதோடு சேர்த்து யோசியுங்கள். தங்களைக் கேட்காமல் முடிவெடுக்கும் ஓர் அமைப்பு, நாளை வந்து “ஒரு சொட்டு இரத்தம் தாருங்கள், உங்கள் நன்மைக்குத்தான்” என்றால் மக்கள் நம்புவார்களா? தானே குத்தி அனுப்பும் முறையின் பெரிய பலம் இங்கேதான் இருக்கிறது. ஊசி அவர் கையில். வேண்டாம் என்றால் பெட்டியை மூடி வைத்துவிடலாம். அனுப்பியவர் விரும்பித்தான் அனுப்பியிருக்கிறார்.

தாள் சொல்லாதவை

இந்த முறையைப் புகழ்ந்து மட்டும் எழுதினால் ஆசிரியத் தொழிலுக்கு அழகில்லை. குறைகளும் உண்டு.

முதலாவது, கணக்கு. ஓர் உதாரணம். 1,000 பேர் உள்ள ஊரில் உண்மையாகத் தொற்றியவர்கள் 10 பேர் என்று வைப்போம். தொற்றாத 100 பேரில் 2 பேரைத் தவறாகத் ‘தொற்றியவர்’ என்று காட்டும் பரிசோதனையைப் பாவிக்கிறோம். மீதி 990 பேரில் ஏறத்தாழ 20 பேர் தவறாக மாட்டுவார்கள். சரியான 10 பேரையும் சேர்த்தால் 30. அதில் 20 பிழை! நோய் குறைவாக உள்ள சிறிய தீவில் இந்தப் பிழை பெரிதாகும். ஊருக்கு மொத்த எண் கணக்கிடும்போது இதைக் கழித்துத் திருத்தலாம். தனி ஒருவருக்கு “உனக்கு வந்து போய்விட்டது, இனிப் பயமில்லை” என்று சொல்ல இது போதாது.

இரண்டாவது, தடுப்பூசி. கனடாவில் பாவித்த தடுப்பூசிகள் வைரசின் முள் போன்ற பாகத்துக்கு எதிரான பிறபொருளெதிரியை மட்டுமே உண்டாக்கின. அதனால் வைரசின் உட்பகுதிக்கு எதிரான பிறபொருளெதிரி இருந்தால் அது தொற்றால் வந்தது என்று பிரித்துச் சொல்ல முடிந்தது. 2021 இல் நம்மில் பெரும்பாலானோர் போட்டது சினோபார்ம். அது செயலிழக்கச் செய்த முழு வைரசு. இரண்டு வகைப் பிறபொருளெதிரியும் அதனாலேயே வரலாம். ஆகவே கனடாவின் வழியை அப்படியே இங்கே கொண்டுவந்து வைத்தால் பிழையான முடிவுதான் வரும்.

மூன்றாவது, ஈரம். நம் கடற்காற்றில் உப்புப் போத்தலே கசிகிறது. தாள் நன்றாகக் காய்வதற்கு முன் உறையில் போட்டால் பழுதாகும். கிடையாக வைத்து, வெயில் படாமல், கை படாமல், சில மணி நேரம் காய வைத்து, ஈரம் உறிஞ்சும் சிறு பையோடு இறுக மூட வேண்டும். விரலைப் பிழிந்து பிழிந்து எடுத்தாலும் இரத்தத்தோடு உடல்நீர் கலந்துவிடும். கையை இளஞ்சூட்டு நீரில் நனைத்துத் துடைத்து, விரலின் பக்கவாட்டில் குத்தி, முதல் சொட்டைத் துடைத்துவிட்டு, அடுத்த சொட்டைத் தாளில் விழவிட வேண்டும். ஒரு வட்டத்துக்குள் சொட்டின் மேல் சொட்டு விடக் கூடாது.

நான்காவது, வீட்டுக்குப் போனாலும் எல்லோரும் அகப்படமாட்டார்கள். தொழிலுக்குக் கடலில் நிற்பவர், எழுத வாசிக்கத் தெரியாத முதியவர், பெட்டியோடு வரும் அறிவுறுத்தலைத் தமிழில் பெறாதவர். இவர்களை யார் எப்படிச் சேர்ப்பது என்று முதலே யோசிக்காவிட்டால், புது முறையும் பழைய வைத்தியசாலை வாசல் போல ஆகிவிடும்.

நமக்கு என்ன?

தீவகத்தின் வீடுகளில் பாதிக் கதவுகள் பூட்டிக் கிடக்கின்றன என்று நாமே சொல்கிறோம். பிள்ளைகள் வெளிநாட்டில், ஆச்சியும் அப்புவும் தனியே. மருந்தெடுக்கப் படகு ஏற வேண்டிய ஆச்சி தாங்க முடியாத வருத்தம் வந்தால்தான் போவார். அவர் போகாத நாளெல்லாம், வைத்தியசாலைப் பதிவில் தீவு சுகமாக இருப்பது போலத் தெரியும். அந்தப் பதிவைப் பார்த்துத்தான் மருந்தும், தாதியரும், அம்புலன்சுப் படகும் ஒதுக்கப்படும். எண்ணப்படாத ஊருக்கு எதுவும் வராது. என் அக்கறை அதுதான்.

அடுத்த தொற்றோ, வேறு ஏதாவது நோய்க் கணக்கெடுப்போ வரும்போது, இப்படி ஒரு தாளோடு பொதுச் சுகாதாரப் பரிசோதகரோ பல்கலைக்கழக மாணவரோ நம் வாசலுக்கு வரலாம். அப்போது ஐந்து கேள்விகளைக் கேளுங்கள். எதற்காக இந்த இரத்தம்? பெயர் போகுமா, இலக்கம் மட்டுமா? எங்களுக்குப் பெறுபேறு சொல்வீர்களா? பரிசோதித்து மீதமான தாளை என்ன செய்வீர்கள்? முடிவு வந்த பின் ஊருக்கு வந்து விளக்குவீர்களா? 1995 இல் அமெரிக்கத் தாய்மாருக்காக எழுந்த கேள்விகளும் இவைதான். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. நேர்மையான ஆய்வாளர் ஐந்துக்கும் பதில் வைத்திருப்பார்.

பதில் சரியாக இருந்தால் விரலை நீட்டுங்கள். பக்கத்து வீட்டு ஆச்சிக்கும் வாசித்துக் காட்டி, அவர் சம்மதித்தால் உதவி செய்யுங்கள். பள்ளிவாசல், கோயில், தேவாலயம் மூன்றிலும் அறிவித்தல் கொடுக்கலாம்.

மலேரியாக் காலத்தில் வீடு வீடாக இரத்தம் எடுக்க வந்தவர்களைப் பற்றி நினைவுள்ள பெரியவர்கள் வீட்டில் இருந்தால், பிள்ளைகளே, அவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். அதுவும் நம் ஊரின் வரலாறுதான்.